நுரை நீங்கிய பின்னே தூய்மை: நம் வீட்டுச் சலவையின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று முன்பக்கம் கதவு திறக்கும் வாஷிங் மெஷின் இடம் பிடித்திருக்கிறது. அதனோடு இரண்டு கேள்விகளும் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. ஒன்றைத் தாய்மார்கள் கேட்கிறார்கள்: பிள்ளையின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடித்துச் சிவக்கிறது, துணிக்குப் போடும் தூள்தான் காரணமா, எதை வாங்கினால் தோலுக்கு ஒத்துவரும்? மற்றொன்றைப் பெரியவர்கள் கேட்கிறார்கள்: இவ்வளவு குறைந்த தண்ணீரில் துவைக்கும் இந்த இயந்திரத்தில் துணி சுத்தமாகிறதா, அதை உடுத்தித் தொழலாமா?

கேட்பவர்கள் வேறு வேறாக இருப்பினும் இவ்விரு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றே என்பது நம் கருத்து. ஒரு துணியை எப்போது ‘சுத்தம்’ என்று சொல்லலாம் என்பதே அந்த அடிப்படை. மனிதர்கள் துணி வெளுத்த வரலாற்றைப் பார்த்தால் அதற்கான விடை தெளிவாகும். நம் ஊருக்கு அருகிலேயே அந்த விடையைத் தொழிலாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு கிராமமும் இருக்கிறது.

சோப்புக்கு முந்திய காலம்

அல்குர்ஆனில் மிகத் தொடக்கத்தில் அருளப்பட்ட வசனங்களில் ஒன்று, ஆடைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடுகிறது (74:4). அந்தக் கட்டளை இறங்கிய மக்காவில் சோப்புக் கட்டியும் இல்லை, தூளும் இல்லை. தண்ணீரே முதன்மையான பொருளாக இருந்தது. ஆடையில் மாதவிடாய் இரத்தம் பட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அதைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கசக்கி, பின் அலசிவிட்டு அதிலேயே தொழும்படி நபியவர்கள் வழிகாட்டியதை அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பு சொல்கிறது. கறையின் அடையாளம் போகாவிட்டால் என்ன செய்வது என்று வேறொரு பெண்மணி கேட்டபோது, தண்ணீரே போதும், எஞ்சும் சுவட்டால் குற்றமில்லை என்ற பொருளில் பதில் கிடைத்தது.

தண்ணீரோடு துணைப்பொருள்களும் வழக்கில் இருந்தன. நபியவர்களின் மகளார் மறைந்தபோது, தண்ணீரும் இலந்தை இலையும் கொண்டு குளிப்பாட்டி, இறுதியில் கற்பூரம் சேர்க்கும்படி உம்மு அத்திய்யா (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது. இன்றும் நம் மஹல்லாக்களில் மய்யித்தைக் குளிப்பாட்டும்போது இலந்தை இலை தேடுகிறோம். ஸித்ர் எனும் அந்த மரமும் நம் ஊர்க் காடுகளில் முள்ளோடு நிற்கும் இலந்தையும் ஒரே இனத்தின் கிளைகள். ஸித்ரின் இலையில் ‘சப்போனின்’ என்ற பொருள் இருப்பதால் கசக்கினால் நுரைக்கும். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை வருவது இதே பொருளால்தான். அழுக்கிலுள்ள எண்ணெயைத் தண்ணீரோடு இணங்கச் செய்து, தண்ணீர் ஓடும்போது அதோடு சேர்த்து அனுப்பிவிடுவதே இதன் வேலை.

தமிழகத்தில் துணி வெளுத்தவர்கள் மற்றொரு வழியைக் கண்டிருந்தனர். உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, ஆவியில் வேகவிடுவது. இதற்கு வெள்ளாவி வைத்தல் என்று பெயர். உவர்மண்ணில் இயற்கையாக இருக்கும் சோடா உப்பு துணியின் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். ஆவியின் வெப்பம் உள்ளே புகும். பின்னர் ஓடும் நீரில் அடித்து அலசி வெயிலில் விரித்தால் சூரிய ஒளி எஞ்சிய நிறத்தை வெளுக்கும். சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்துக்கு அனுப்பிய துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர்களால் பெயர் பெற்ற இடம். உலகச் சந்தையில் நம் நாட்டுத் துணிக்குக் கிடைத்த மதிப்பில் அவர்களின் உழைப்புக்கும் பங்குண்டு. அவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை.

இந்தப் பழைய முறைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உவர்மண்ணோ சாம்பலோ துணியில் தங்கிவிட்டால் துணி சொரசொரக்கும், உடல் அரிக்கும். ஆகவே அலசுவதே பெரும் வேலையாக இருந்தது. ஆற்றுத் துறைக்கும் கண்மாய்க் கரைக்கும் துணி மூட்டை போனது அதற்காகத்தான்.

அரபு உலகின் ஸாபூன்

எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு பிறக்கும். இக்கலை பல நாடுகளில் அறியப்பட்டிருந்தாலும், ஆலிவ் எண்ணெயைக் கொண்டு கெட்டியான கட்டிச் சோப்பைப் பெரிய அளவில் செய்து வணிகம் செய்ததில் ஷாம் நாட்டு நகரங்களுக்குச் சிறப்பான இடமுண்டு. சிரியாவின் ஹலப் நகரத்துச் சோப்பும் பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்துச் சோப்பும் இன்றும் அறியப்படுகின்றன. இவ்விரண்டு நகரங்களின் சோப்புக் கலைகளையும் 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. காரப் பொருளை இன்று உலகம் முழுவதும் ‘ஆல்கலி’ என்று அழைக்கிறார்கள். உப்பு நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலைக் குறிக்கும் ‘அல்கலீ’ என்ற அரபுச் சொல்லே அதன் மூலம்.

சோப்பு குறித்து நம் ஃபிக்ஹ் நூல்களும் பேசியிருக்கின்றன. அசுத்தமான கொழுப்பிலிருந்து செய்த சோப்பின் நிலை என்ன என்ற கேள்வி புதியதன்று. ஒரு பொருள் தன் இயல்பை முற்றிலும் இழந்து வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில், ஹனஃபி அறிஞர்கள் அத்தகைய சோப்பைத் தூய்மையானதாகக் கருதினர். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த மாற்றம் குறிப்பிட்ட சிலவற்றில் மட்டுமே ஏற்கப்படுகிறது. துணித்தூள் குறித்து இன்று இந்த ஐயம் கொள்வோருக்கு ஒன்று சொல்லலாம். பெரும்பாலான தூள்களின் முதன்மைப் பொருள் கொழுப்பிலிருந்து வருவதன்று. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. அந்தக் கதையை அடுத்துப் பார்ப்போம்.

துறைமுகத்தில் இறங்கிய பெட்டிகள்

1791-இல் பிரெஞ்சுக்காரரான லெப்லாங்க், சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அதற்குப் பின் சோப்புத் தொழிலுக்குச் சாம்பல் தேட வேண்டியதில்லை. சோப்பு மலிந்தது, கப்பல் ஏறியது. 1888-இல் ‘இங்கிலாந்தில் லீவர் பிரதர்ஸ் தயாரித்தது’ என்று பொறித்த சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. மீரட்டில் 1879-லேயே ஒரு சோப்புத் தொழிற்சாலை தொடங்கப்பட்டிருந்தது. 1917-இல் தொடங்கிய டாடா எண்ணெய் ஆலை கொச்சியில் தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. அதன் 501 பார் சோப்பை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இன்னும் பெயர் சொல்லி நினைவுகூர்வார்கள். நீண்ட கட்டியை வாங்கிவந்து நூலால் துண்டு போட்டுப் பயன்படுத்திய காலம் அது.

சோப்புக்கு ஒரு குறை உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் அது நுரைக்காமல் திரிந்து, வெண்ணிறப் படிவாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். மேற்கு மலையிலிருந்து ஓடிவரும் ஓடை நீரில் இந்தத் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரில் அதிகம். ஒரே தெருவில் இரு வீடுகளில் ஒரே சோப்பு இருவிதமாக நடந்துகொள்வதன் காரணம் இதுவே.

முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் சோப்பு அல்லாத செயற்கைச் சலவைப் பொருளைத் தேடினார்கள். அத்தேடல் வளர்ந்து, 1946-இல் அமெரிக்காவில் ‘டைட்’ என்ற தூளாக வெளிவந்தது. கடின நீரிலும் அது வேலை செய்தது. இந்தியாவில் 1959-இல் சர்ஃப் வந்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தம் வீட்டிலேயே தயாரித்து மிகக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கிய நிர்மா, எளிய குடும்பங்களின் கைக்கும் தூளைக் கொண்டு சேர்த்தது.

தொடக்கத்தில் வந்த செயற்கைப் பொருள்களை மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க முடியவில்லை. மேலை நாடுகளின் ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. 1960-களில் அப்பொருளின் அமைப்பையே மாற்றி, நுண்ணுயிர்கள் சிதைக்கக்கூடிய நேர்ச்சங்கிலி வடிவுக்குக் கொண்டுவந்தனர். மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் பகுதியையும் பென்சீனையும் கொண்டு செய்யப்படும் அதன் மூலப்பொருள், சென்னை மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையிலும் உற்பத்தியாகிறது. தூளில் சேரும் சோடாவைத் தூத்துக்குடியின் ஆல்கலி ஆலையும் தயாரித்திருக்கிறது. நம் சமையலறைப் பக்கத்தில் இருக்கும் பொட்டலம் அவ்வளவு தொலைவிலிருந்து வந்ததன்று.

அழுக்கு செய்யாத தீங்கு

இனித் தோலின் பக்கம் வருவோம். தோல் அரிப்பை அற்பமான குறை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. நம் மார்க்கம் அவ்வாறு ஒதுக்கவில்லை. ஆண்களுக்குப் பட்டு தடுக்கப்பட்டிருந்தும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு இருந்ததால் பட்டுச் சட்டை அணிய நபியவர்கள் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. தோலின் வேதனைக்காக ஒரு தடையே தளர்த்தப்பட்டிருக்கும்போது, பிள்ளையின் அரிப்புக்காகச் சோப்பை மாற்ற நினைக்கும் தாயை ‘வீண் கவலை’ என்று யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை.

துணியால் தோல் புண்ணாவதற்கு நம் நாட்டிலேயே பெயர் பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல வீட்டுத் துணிகள் கலந்துவிடாமல் இருக்கச் சலவைத் தொழிலாளர்கள் கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் குறி இடுவார்கள். அதற்குச் சேராங்கொட்டையின் சாற்றைப் பயன்படுத்துவது வழக்கம். எத்தனை முறை துவைத்தாலும் அழியாத கறை அது. சிலருக்கு அந்தக் குறி பட்ட இடத்தில் தோல் வெந்து கொப்புளித்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு இப்படிப் புண் வந்ததை அவர்களின் மருத்துவர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டனர். துணி வெள்ளையாக இருந்தது, அழுக்கும் இல்லை. சலவையின்போது சேர்க்கப்பட்டு, நீங்காமல் தங்கிய ஒரு பொருள்தான் தோலைச் சுட்டது.

இன்றைய தூள், திரவங்களிலும் நிலைமை இதுவே. உடலில் படும் துணியில் என்ன தங்கியிருக்கிறது என்பதே கேள்வி. மருத்துவர்கள் முதலில் சுட்டுவது வாசனைப் பொருளை. அடுத்தது, திரவம் கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் சில காப்புப் பொருள்கள். அவற்றுள் மெத்தில்ஐசோதையசோலினோன் என்பதை அமெரிக்கத் தொடுதோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்து எச்சரித்தது. மூன்றாவது, தூளின் காரத்தன்மை. நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. காரம் மிகுந்த எச்சம் அந்தக் காப்பைக் குலைக்கும். கையால் துவைக்கும் பெண்களின் விரல்கள் வெடிப்பதும் இதனால்தான்.

கறை நீக்கும் நொதிகளைப் பற்றி ஓர் அச்சம் உலவுகிறது. 1960-களின் இறுதியில், அவற்றைத் தூளாகக் கையாண்ட ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சுத்திணறல் வந்தது உண்மை. அதன்பின் நொதியைச் சிறு மணிகளாக உறையிட்டுத் தூசி பறக்காமல் செய்துவிட்டனர். வீட்டில் துவைத்து உடுத்துவோரின் தோலுக்கு அவை பெரும் காரணமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. இரத்தம், பால், குழம்புக் கறைகளை மிதமான நீரிலேயே நீக்க அவை உதவுகின்றன.

மூன்று அடையாளங்கள்

வணிகம் நமக்குத் தூய்மையின் அடையாளமாக மூன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: நுரை, வெண்மை, மணம்.

நுரை சோப்புக் காலத்தின் மிச்சம். சோப்பு நுரைத்தால் தண்ணீரில் இன்னும் சோப்பு எஞ்சியிருக்கிறது என்று பொருள் கொண்டார்கள், அதுவே பழக்கமாகிவிட்டது. செயற்கைப் பொருளில் நுரைக்கும் வெளுப்புக்கும் நேரான தொடர்பில்லை. வாளியில் நுரை பொங்காவிட்டால் ‘தூள் சரியில்லை’ என்று இன்னொரு கரண்டி போடுகிறோம். அந்தக் கரண்டிதான் பிறகு அலசலில் போகாமல் துணியில் நிற்கிறது.

வெண்மையின் கதை இன்னும் நுட்பமானது. பழுப்பேறிய துணிக்கு நீலம் போட்டால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் என்று முன்னோர் அறிந்திருந்தனர். ராபின் நீலப் பொடியும் பின்னர் வந்த சொட்டு நீலமும் அதற்காகவே வந்தன. 1929-இல் பால் கிரைஸ் என்ற ஜெர்மானியர், குதிரைச் செஸ்நட் மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்வதையும், அதில் நனைத்த துணி வெண்மையாகத் தோன்றுவதையும் காட்டினார். இன்றைய ‘ஒளிரும் வெண்மை’த் தூள்களில் அந்த வகைச் சாயமே இருக்கிறது. துணியில் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. ஜும்ஆவுக்கு வெள்ளாடை உடுத்துவது நமக்கு விருப்பமான ஸுன்னத். அந்த வெண்மை அழுக்கு போனதால் வந்ததா, சாயம் ஏறியதால் வந்ததா என்று நாம் கேட்பதில்லை.

மணமும் அவ்வாறே. துணியில் ஒரு வாரம் நிற்கும் மணம் என்றால், ஒரு வாரம் நிற்கும் பொருள் துணியில் இருக்கிறது என்றுதான் பொருள்.

இப்போது ஃபிக்ஹ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நஜீஸ் பட்ட துணி தூய்மையானதா என்று அறிய அது எதிர்மாறாக மூன்றைத் தேடச் சொல்கிறது. அசுத்தத்தின் நிறம் போனதா, மணம் போனதா, சுவை போனதா என்று பார்க்க வேண்டும். முயன்றும் போகாத நிறத்துக்கு மன்னிப்பு உண்டு. விளம்பரம் ‘என்ன சேர்ந்தது’ என்று காட்டித் தூய்மையை நிறுவுகிறது. ஷரீஅத் ‘என்ன நீங்கியது’ என்று பார்த்துத் தூய்மையை அறிகிறது.

சத்திரப்பட்டி தரும் பாடம்

இந்த அளவுகோலை நாள்தோறும் கையாளும் கிராமம் ராஜபாளையத்தை அடுத்தே இருக்கிறது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இவ்வட்டாரம் நூலாலும் துணியாலும் வளர்ந்தது. தளவாய்புரம் பக்கம் நைட்டி தைத்தது. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் பக்கத்து விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்தன. மருத்துவமனைகளில் புண்ணின் மேல் வைக்கும் துணி அது. உடலிலேயே மிக மென்மையான தோல் எது என்றால், தோலே இல்லாத புண்தான். அதன் மேல் படும் துணி எப்படி இருக்க வேண்டும்?

தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். பருத்தியின் மேலுள்ள இயற்கை மெழுகும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் நீரை உள்ளே விடுவதில்லை. அதைக் காரத்தில் வேகவைத்து, பெராக்சைடு போன்ற பொருளால் வெளுத்து, மீண்டும் மீண்டும் அலசுகிறார்கள். வெள்ளாவிப் பானை செய்த அதே வேலையைத்தான் ஆலை பெரிதாகச் செய்கிறது. பிர்மிங்ஹாம் நகரத்து அறுவை மருத்துவர் சாம்ப்சன் கம்ஜி 1880-இல் உறிஞ்சும் பஞ்சைக் கட்டுத்துணியாகப் பயன்படுத்தியதிலிருந்து, மெழுகு நீக்கிய பருத்திக்கு மருத்துவத்தில் தனி இடம் ஏற்பட்டது.

உறிஞ்சும் பருத்திக்குப் பார்மகோபியா எனப்படும் மருந்துத் தர நூல்கள் வகுத்துள்ள சோதனைகளைப் படித்தால் வியப்பு மேலிடும். தண்ணீரின் மேல் போட்டால் 10 விநாடிக்குள் அது மூழ்க வேண்டும். அதை நீரில் ஊறவைத்து வடித்த நீர் புளிப்பாகவும் இருக்கக்கூடாது, காரமாகவும் இருக்கக்கூடாது. நீரில் கரையும் பொருள் அதில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த நீரைக் குப்பியில் இட்டு வேகமாகக் குலுக்கினால், ஐந்து நிமிடம் கழித்து நுரை நீரின் மேற்பரப்பு முழுவதையும் மூடியிருக்கக்கூடாது. புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் பளிச்சென்று நீலமாக ஒளிரக்கூடாது.

விளம்பரங்கள் தூய்மையின் சான்றாகக் காட்டும் நுரையும் ஒளிரும் வெண்மையும் இங்கே குறைகளாகக் கணக்கிடப்படுகின்றன. புண்ணுக்கு ஏற்ற துணி எது என்று மருத்துவம் கேட்கும் கேள்வியும், தொழுகைக்கு ஏற்ற துணி எது என்று ஃபிக்ஹ் கேட்கும் கேள்வியும் ஒரே திசையைப் பார்க்கின்றன.

குறைந்த நீரும் நம் தொழுகையும்

முன்கதவு இயந்திரம் துணியை முழுதும் மூழ்கடிப்பதில்லை. படுத்த நிலையில் சுழலும் உருளை துணியைத் தூக்கித் தூக்கிக் கீழே போடுகிறது. துறையில் கல்லில் அடித்துத் துவைத்ததற்கு இது ஒரு வகையில் நெருக்கமானது. துணி விழும் அந்த அடிதான் அழுக்கை வெளியேற்றுகிறது. இதில் நுரை பெருகினால் துணி நுரை மெத்தையின் மேல் விழும், அடி படாது, அழுக்கும் போகாது. நீரும் குறைவு என்பதால் அந்த நுரை அலசலில் முழுதாக வெளியேறவும் செய்யாது. இவ்வகை இயந்திரத்துக்கென்று குறைந்த நுரைத் தூள் செய்யப்படுவதன் காரணம் இதுதான். கைத்துவைப்புத் தூளை அதில் போடுவது இயந்திரத்துக்கும் கேடு, தோலுக்கும் கேடு.

தொழுகை பற்றிய கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை நீக்கக் கலப்பற்ற தண்ணீரே வேண்டும். வேறொரு தூய பொருள் மிகுதியாகக் கலந்து தன்மை மாறிய நீர், தூய்மையாக இருந்தாலும் பிறிதொன்றைத் தூய்மையாக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே, கடைசி அலசல் நீர் நுரையின்றித் தெளிவாக வெளியேறுவது முக்கியம். ஹனஃபி மத்ஹபில் இதில் விரிவு உண்டு. அசுத்தத்தை அகற்றும் பிற தூய நீர்மங்களாலும் அதை நீக்கலாம். கண்ணுக்குத் தெரியாத நஜீஸ் என்றால் மூன்று முறை கழுவிப் பிழிவது போதுமானது. நீரை வடித்துச் சுழற்றிப் பிழிந்து, மீண்டும் புது நீர் ஏற்றும் இயந்திரத்தின் சுற்றுகள் இதற்கு இணங்கி வருகின்றன.

இரு மத்ஹபினருக்கும் பேணுதலான வழி ஒன்றுண்டு. குழந்தையின் சிறுநீர், மலம், இரத்தம் பட்ட துணியைத் தனியே எடுத்து, குழாயடியில் நஜீஸ் நீங்கும்வரை நீர் ஓடவிட்டுக் கழுவிய பின் இயந்திரத்தில் இடுவது. அப்படிச் செய்தால் மற்றத் துணிகளைப் பற்றிய ஐயமும் வராது. தனிப்பட்ட ஐயங்களுக்கு உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எதை வாங்குவது?

வரலாறு சொன்னதைத் தொகுத்துக் கடைக்கு எடுத்துச் செல்வோம். முதலில், பொட்டலத்தில் ‘ஃப்ரண்ட் லோட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, வாசனை சேர்க்காததா என்று பாருங்கள். ‘மென்மையானது’, ‘இயற்கையானது’, ‘குழந்தைகளுக்கானது’ என்ற சொற்கள் அதற்கு உறுதி தருவதில்லை. உட்பொருள் பட்டியலில் வாசனைப் பொருளும் வெண்மைச் சாயமும் இல்லாதிருப்பதே உறுதி. திரவம் நன்கு கரையும், ஆனால் காப்புப் பொருள் இருக்கும். தூளில் காப்புப் பொருள் வேண்டியதில்லை, ஆனால் கடின நீரில் கரையாமல் தங்கக்கூடும். எது ஒத்துவருகிறதோ அதைக் கொள்ளுங்கள். விலை உயர்ந்ததே நல்லது என்ற விதி எதுவும் இல்லை.

வாங்குவதைவிட அளவே முக்கியம். பொட்டலத்தில் குறித்த அளவைத் தாண்ட வேண்டாம். அழுக்கு குறைந்த துணிக்கு அதிலும் குறைக்கலாம். பிள்ளைகளின் துணிக்கு ‘கூடுதல் அலசல்’ பொத்தானை அழுத்துங்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தைத் தவிர்ப்பது நலம். அது இழையின் மேல் ஒரு படலமாகத் தங்குவது. துண்டு நீரை உறிஞ்சாமல் போவதும் அதனால்தான். புதுத் துணியை ஒருமுறை அலசிய பிறகே குழந்தைக்கு உடுத்துங்கள்.

சத்திரப்பட்டித் துணிக்குச் செய்யும் சோதனையின் எளிய வடிவை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். துவைத்துக் காய்ந்த ஒரு சிறு துண்டைச் சுத்தமான புட்டியில் நல்ல நீரோடு போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் மேலே நுரை மூடி நின்றால் உங்கள் துணி இன்னும் சோப்பை உடுத்தியிருக்கிறது. சோப்பைக் குறையுங்கள், அலசலைக் கூட்டுங்கள். நோட்டுச் சரிபார்க்கும் ஊதா விளக்கின் கீழ் அதே துண்டைப் பிடித்தால் வெண்மைச் சாயமும் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் அரிப்பு அடங்காவிட்டால் சோப்பின் மேல் மட்டும் பழி போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். துணியின் சாயம், இடுப்பு எலாஸ்டிக், வியர்வை, பூஞ்சைத் தொற்று எனக் காரணங்கள் பல. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகில் சிறு ஒட்டுகள் வைத்து எந்தப் பொருள் ஆகாது என்று கண்டறியும் சோதனை இருக்கிறது.

ஆடையைத் தூய்மையாக்குவது வணக்கத்தின் வாசல். பிள்ளையின் தோலைக் காப்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தண்ணீரை வீணாக்காமலிருப்பதும் நம் மீதுள்ள கடமை. தேவைக்கு மேல் கொட்டாத ஒரு கரண்டித் தூளில் இம்மூன்றும் அடங்கியிருக்கின்றன.

அல்லாஹ் நம் உள்ளங்களையும் உடல்களையும் ஆடைகளையும் தூய்மையாக்குவானாக! நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.